விழுந்துவிடுவார் என்று உட்கார வைக்காதீர்கள்

பக்கவாதத்திலிருந்து மீண்டு வந்தவர்களுக்கு அடுத்த கண்டம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதை எப்படித் தாண்டுவது?

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றே வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வந்துவிடுகிறது. “நீங்களா எழுந்திரிக்காதீங்க. எது வேணும்னாலும் கூப்பிடுங்க.” மனைவி சொல்கிறார், மகன் சொல்கிறான், பார்க்க வரும் சொந்தபந்தம் எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறது. ஹாலில் ஜன்னலோரம் கட்டில் போட்டாயிற்று. சாப்பாடு, மாத்திரை, டிவி ரிமோட் எல்லாம் கட்டிலுக்கே வருகின்றன. பிசியோதெரபிஸ்ட் முதல் மாதம் வருகிறார். பிறகு செலவு கட்டுப்படியாகாமல் அதுவும் நின்றுபோகிறது. மூன்று மாதம் கழித்து ஒரு விடியற்காலையில், தூங்குகிறவர்களை எழுப்ப மனமில்லாமல், அவரே பாத்ரூமுக்குப் போகப் பார்க்கிறார். நிலைப்படியில் கால் இடறுகிறது. இடுப்பு எலும்பு முறிகிறது.

எலும்பு மருத்துவர்களுக்கு இது பழகிப்போன கதை. “நாங்க ஒரு நிமிஷம்கூட அவரைத் தனியா விட்டதில்லை டாக்டர்” என்று குடும்பம் கண் கலங்குவதும் பழகிப்போனதுதான். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் உட்கார்ந்தே கழிந்த அந்த மூன்று மாதத்தில் காலுக்குள் என்ன நடந்தது என்று அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. தசை கரைந்திருக்கிறது. எலும்பு மெலிந்திருக்கிறது. தடுமாறினால் சுதாரித்துக்கொள்ளும் பழக்கமே உடலுக்கு மறந்துபோயிருக்கிறது. விழக் கூடாது என்று செய்த ஏற்பாடுதான், விழுந்தால் முறிகிற உடம்பை உண்டாக்கியிருக்கிறது. இதை மாற்றக்கூடியது உடற்பயிற்சி. கட்டிலில் படுத்தபடி யாரோ கையைக் காலை மடக்கி நீட்டிவிடுகிற பயிற்சி போதாது. எழுந்து நின்று, கால்களில் பாரம் ஏற்றி, மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு, மாதக்கணக்கில் விடாமல் செய்கிற பயிற்சி வேண்டும்.

நூற்றுக்கு 73 பேர்

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஆன் ஃபார்ஸ்டர், ஜான் யங் என்ற இருவர், பக்கவாத சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்து, 1995-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 108 பேரில் 79 பேர் ஆறு மாதத்துக்குள் ஒரு முறையாவது விழுந்திருந்தார்கள். நூற்றுக்கு 73 பேர். விழுந்தவர் எல்லோருக்கும் எலும்பு முறிவதில்லைதான். ஆனாலும் பக்கவாதம் வந்தவர்களுக்கு இடுப்பு முறியும் அபாயம், அதே வயதில் உள்ள மற்றவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். அதிலும் பெரும்பாலும் முறிவது வாதம் வந்த பக்கம்.

ஏன் அந்தப் பக்கம்? ஒருவர் நடக்கும்போது பாதத்தைக் கவனியுங்கள். காலை முன்னால் வீசும் நேரத்தில் பாதத்தின் முன்பகுதி தானாக மேலே தூக்கிக்கொள்கிறது. அப்போதுகூடப் பெருவிரலுக்கும் தரைக்கும் நடுவே இருப்பது ஓரிரு சென்டிமீட்டர்தான். வாதம் வந்த காலில் இந்தத் தூக்கல் வருவதில்லை. பாதம் தொங்கி, விரல் தரையை உரசுகிறது. சமதரையில் எப்படியோ போய்விடலாம். கால்மிதியின் ஓரம், சுருண்ட பாய், பாத்ரூம் வாசலின் அரை அங்குல மேடு போதும், கால் சிக்கிக்கொள்ளும்.

மற்றவர்களுக்கும் கால் சிக்கும். ஆனால் அடுத்த கணமே இன்னொரு கால் முன்னால் தாவித் தாங்கிவிடும். அது தவறினாலும் கை முன்னால் போகும். அதனால்தான் நல்ல உடல்நிலையில் இருப்பவர் விழுந்தால் மணிக்கட்டு முறிகிறது. பக்கவாதம் வந்தவருக்குக் கால் தாமதமாக வருகிறது, கை வரவே இல்லை. பலவீனமான பக்கமாகவே சாய்ந்து, மொத்த எடையோடு இடுப்பு போய்த் தரையில் மோதுகிறது.

மோதுகிற எலும்பும் பழைய எலும்பு இல்லை. நார்வேயில் 40 நோயாளிகளின் எலும்பு அடர்த்தியைப் பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு வருடம் அளந்து பார்த்தார்கள். 2000-ல் வெளிவந்த ஆய்வு அது. தொடக்கத்தில் நடக்கவே முடியாமல் சக்கர நாற்காலியில் இருந்தவர்களுக்கு, வாதம் வந்த பக்கத் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் சுமார் 10 சதவிகிதம் கரைந்துவிட்டது. தொடக்கத்திலிருந்தே நடக்க முடிந்தவர்களுக்கு இழப்பு சுமார் 3 சதவிகிதம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே வருடத்துக்கு ஒன்றிரண்டு சதவிகிதம்தான் எலும்பு குறைகிறது என்பதோடு வைத்துப் பார்த்தால் இந்தப் பத்தின் கனம் புரியும். சக்கர நாற்காலியில் இருந்தவர்களிலும், இரண்டு மாதத்துக்குள் நடையைத் திரும்பக் கற்றவர்களுக்கு இழப்பு குறைவாக இருந்தது. எலும்பு தன் மேல் ஏறும் பாரத்தை வைத்துத்தான் தன்னைக் கட்டிக்கொள்கிறது. பாரமே ஏறாத எலும்பை உடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்துவிடுகிறது. விண்வெளியில் மிதக்கும் வீரர்களுக்கு இடுப்பு எலும்பு மாதத்துக்கு ஒரு சதவிகிதத்துக்கு மேல் குறைவதும் இதே காரணத்தால்தான்.

அதற்காக, முதல் நாளே எழுப்பி நடக்க விடுங்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2,104 நோயாளிகளை வைத்து நடந்து 2015-ல் வெளியான ‘அவெர்ட்’ ஆய்வு, முதல் 24 மணி நேரத்துக்குள் அதிகமாக எழுப்பி நடமாட வைத்தவர்கள் மூன்று மாதம் கழித்துச் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள் என்று காட்டியது. எப்போது தொடங்கலாம் என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. தொடங்கியதை நிறுத்தாமல் இருப்பது வீட்டின் பொறுப்பு.

உட்கார்ந்து எழுவது

தொடங்க ஒரே ஒரு பயிற்சி சொல்லுங்கள் என்று கேட்டால், நாற்காலியிலிருந்து எழுவதைத்தான் சொல்ல வேண்டும். கட்டிலிலிருந்து எழும்போதும், டாய்லெட்டிலிருந்து எழும்போதும் விழுகிறவர்கள் ஏராளம். தைவானில் 54 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2001-ல் வெளியானது. இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நிற்கவும், திரும்பத் திரும்ப உட்கார்ந்து எழவும் பழக்கிய 30 பேரில், அடுத்த ஆறு மாதத்தில் விழுந்தவர்கள் 5 பேர். அந்தப் பயிற்சி இல்லாத 24 பேரில் விழுந்தவர்கள் 10 பேர். சின்ன ஆய்வுதான். ஆனால் கைச்செலவில்லாமல் எந்த வீட்டிலும் செய்யக்கூடிய ஒன்றுக்கு இந்தப் பலன் என்பது பெரிய விஷயம்.

செய்யும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கைப்பிடி உள்ள, உறுதியான நாற்காலி. வழுக்கிப் பின்னால் போகாமல் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். முதலில் உட்காருமிடத்தின் விளிம்புக்கு நகர்ந்து வரவேண்டும். பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து வைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் நல்ல காலைப் பின்னால் வைத்து, அதன் பலத்திலேயே எழுந்துவிடுகிறார்கள். வாதம் வந்த கால் சும்மா கூட வருகிறது. அதை மாற்றி, பலவீனமான பாதத்தை நல்ல பாதத்துக்குச் சமமாக அல்லது ஒரு பிடி பின்னால் வைத்தால், எடை தானாக அதன்மேல் ஏறும். குதிகால் தரையில் பதிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மூக்கு கால்விரல்களைத் தாண்டும் அளவுக்கு முன்னால் சாய வேண்டும். பயத்தில் பலர் இங்கேதான் பின்வாங்குவார்கள். பின்னால் சாய்ந்தபடி எழப் பார்த்தால் நாற்காலியிலேயே திரும்ப விழுவார்கள். முன்னால் சாய்ந்தால் புட்டம் தானாகக் கிளம்பும். எழுந்து நின்றதும் முழங்கால் நேராக இருக்கட்டும், மூன்று எண்ணும்வரை நிற்கட்டும். உட்காரும்போது பொத்தென்று விழாமல், நான்கு எண்ணி, மெதுவாக இறங்க வேண்டும். இறங்குவதில்தான் தொடைத் தசைக்கு நல்ல வேலை.

துணைக்கு நிற்பவர் பலவீனமான பக்கத்தில் நிற்க வேண்டும். இடுப்பில் ஒரு பெல்ட்டோ, இறுக்கிக் கட்டிய துண்டோ இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். வாதம் வந்த கையைப் பிடித்து மட்டும் தூக்காதீர்கள். தாங்கும் தசை தளர்ந்துபோன தோள்மூட்டு அது. இழுத்தால் இடம் நழுவும். அந்த வலி மாதக்கணக்கில் போகாது.

ஆரம்பத்தில் உயரம் குறைந்த நாற்காலி கடினமாக இருந்தால், மேலே கெட்டியான மெத்தைத் திண்டு போட்டு உயர்த்தலாம். எட்டு, பத்து முறை எழுந்து உட்காருவது எளிதாகிவிட்டால் உயரத்தைக் குறைக்க வேண்டும். கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால்தான் தசைக்கு அது பயிற்சி. வீட்டில் இரண்டு எடைக்கருவி கிடைத்தால் பாதத்துக்கு ஒன்றாகக் கீழே வைத்து நிற்கச் சொல்லுங்கள். ‘ரெண்டு கால்லயும் சமமாத்தானே நிக்கிறேன்’ என்று நம்புகிறவர், பலவீனமான காலில் இருபது கிலோகூட ஏறாததைக் கண்ணால் பார்க்கும்போது, சொல்லித் தெரியாதது புரிந்துவிடும்.

வான்கூவரில் பார்த்தது

கனடாவின் வான்கூவரில் மார்கோ பாங், ஜானிஸ் எங் என்ற பிசியோதெரபி ஆய்வாளர்களும் அவர்களுடைய குழுவும் பக்கவாதம் வந்து ஒரு வருடத்துக்கு மேலான 63 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ‘இனி முன்னேற்றம் வராது’ என்று பல இடங்களில் கைவிடப்படுகிற காலகட்டம் அது. ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 19 வாரம் கால்களுக்கும் இதயத்துக்கும் பயிற்சி: வேக நடை, படி ஏறி இறங்குதல், உட்கார்ந்து எழுதல், அரைகுறையாக முழங்கால் மடக்கி நிமிர்தல், நுனிக்காலில் நிற்றல், சமநிலைப் பயிற்சிகள். இன்னொரு பிரிவுக்கு உட்கார்ந்தபடி கைகளுக்குப் பயிற்சி. 2005-ல் வந்த முடிவு: காலுக்குப் பயிற்சி செய்தவர்களின் மூச்சுத் திறனும் நடைதூரமும் பலவீனமான காலின் பலமும் கூடின. வாதம் வந்த பக்க இடுப்பு எலும்பின் அடர்த்தி அவர்களுக்கு ஏறக்குறைய நிலைத்து நின்றது. உட்கார்ந்து பயிற்சி செய்தவர்களுக்கு அது குறைந்துகொண்டே போனது. இரண்டு பிரிவினரும் வியர்வை சிந்தினார்கள். எலும்பு மட்டும், காலில் நின்றவர்களுக்கே காப்பாற்றப்பட்டது.

அதே நகரத்தில், அதே வருடம் வெளியான இன்னொரு ஆய்வு தடுமாற்றத்தைப் பற்றியது. 61 பேரில் ஒரு பிரிவினர் மெதுவாக உடலை நீட்டிச் சாய்த்துப் பழகினார்கள். மற்றவர்கள் வேகமாகத் திசை மாறுவது, தடைகளைத் தாண்டுவது, குறுக்கே கால் வைத்து நடப்பது என்று பழகினார்கள். பிறகு திடீரென்று நகரும் மேடையில் இவர்களை நிற்க வைத்து, பாதுகாப்புப் பட்டை கட்டி, மேடையை இழுத்தார்கள். வேகப் பயிற்சி எடுத்தவர்களின் கால் தசைகள் முந்திக்கொண்டு வேலை செய்தன. மேடையில் அவர்கள் விழுந்ததும் குறைவு. சுதாரிப்பு என்பது வயதோடும் நோயோடும் போய்விடுகிற வரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பழகினால் அது திரும்ப வருகிறது.

இத்தனை நல்ல செய்திக்கு நடுவே, கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சிட்னியில் கேத்தரின் டீன் குழுவினர் பக்கவாத நோயாளிகளின் மன்றங்களில் 151 பேருக்கு ஒரு வருடம் பயிற்சி ஆய்வு நடத்தினார்கள். 2012-ல் முடிவு வந்தது. கால் பயிற்சி செய்தவர்கள் வேகமாக, தூரமாக நடந்தார்கள். ஆனால் விழுந்த எண்ணிக்கை குறையவில்லை. எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2019 மதிப்பீடும், உடற்பயிற்சி விழும் தடவைகளைக் கால்வாசிக்கு மேல் குறைக்கலாம் என்று சொல்லிவிட்டு, ஆதாரம் இன்னும் வலுவாகவில்லை என்றும் சேர்த்தே எழுதியது.

இதிலிருந்து பயிற்சி வீண் என்ற முடிவுக்கு வருவது தவறு. நன்றாக நடக்க ஆரம்பித்தவர் வெளியே போகிறார், படி ஏறுகிறார், தடுக்கி விழும் வாய்ப்புகளையும் அதிகம் சந்திக்கிறார். அதனால் நடைப் பயிற்சி மட்டும் போதாது. சமநிலைப் பயிற்சி சவாலாக இருக்க வேண்டும், வீடும் மாற வேண்டும், பயிற்சி தினசரி வாழ்க்கைக்குள் கலந்துவிட வேண்டும். ஆஸ்திரேலிய ஆய்வாளர் லிண்டி கிளெம்சன் இந்தக் கடைசி வழியில் போனார். ஏற்கெனவே விழுந்திருந்த, 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, தனியாக நேரம் ஒதுக்கிச் செய்யும் பயிற்சிக்குப் பதில், அன்றாட வேலையிலேயே சமநிலையைச் சேர்க்கக் கற்றுக்கொடுத்தார். 317 பேரில் நடந்த அந்த ஆய்வில் விழும் விகிதம் 31 சதவிகிதம் குறைந்தது. அவர்கள் பக்கவாத நோயாளிகள் இல்லை. ஆனால் யோசனை நம் வீட்டுக்கு அப்படியே பொருந்தும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு பால் பொங்கும்வரை நுனிக்காலில் ஏறி இறங்கலாம். பல் துலக்கும்போது வாஷ்பேசினைப் பிடித்தபடி ஒரு பாதத்தை இன்னொன்றுக்கு முன்னால் ஒட்டி வைத்து நிற்கலாம். கொடியில் காயும் துணியை எடுக்கப் பக்கவாட்டில் அடி வைத்து நகரலாம். ஆள் துணை தேவைப்படுகிறவர்களுக்குத் துணையோடு.

மாத்திரை போட்டால் போதாதா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் மருத்துவ உலகின் துயரமான ஒரு சம்பவம் இருக்கிறது. ஜப்பானிய நரம்பியல் மருத்துவர் யோஷிஹிரோ சாட்டோ, 2005-ல் ‘ஜாமா’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பக்கவாதம் வந்த 628 முதியவர்களில் பாதிப் பேருக்கு ஃபோலிக் அமிலமும் மெக்கோபாலமினும் கொடுத்ததாகவும், இரண்டு வருடத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 6 பேருக்கும் மற்றவர்களில் 27 பேருக்கும் இடுப்பு முறிந்ததாகவும் அதில் சொன்னார். தினம் ஒரு சத்து மாத்திரை முக்கால்வாசிக்கு மேல் முறிவைத் தடுக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இதேபோல அவர் வேறு மருந்துகளைப் பற்றியும் அடுத்தடுத்து எழுதினார். நியூசிலாந்தின் மார்க் போலண்ட், ஆண்ட்ரூ கிரே, ஸ்காட்லாந்தின் அலிசன் அவெனெல் ஆகிய ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு சிறிய குழு இத்தனை நோயாளிகளை இவ்வளவு வேகத்தில் எப்படிச் சேர்த்தது? எண்கள் ஏன் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றன? சாட்டோவின் 33 ஆய்வுகளைப் புள்ளியியல்படி அலசி, அவை நம்பத்தகுந்தவை இல்லை என்று 2016-ல் எழுதினார்கள். அதே வருடம் ‘ஜாமா’ அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மற்ற இதழ்களும் அவருடைய பல கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன.

பத்து வருடத்துக்கு மேல் உலகமெங்கும் மருத்துவர்கள் படித்த முடிவுகள் அவை. உண்மையான நோயாளிகளின் இடுப்பு எலும்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் நடந்த இந்த மோசடியை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. எலும்பு அடர்த்தி குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. வைட்டமின் டி, பி12 குறைபாடு இருந்தால் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் சத்து மாத்திரையை விழுங்கிவிட்டுக் கட்டிலில் இருந்தால் இடுப்பு பத்திரம் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. எண்ணெய் தேய்ப்பதும் அப்படித்தான். விறைத்த காலுக்கு அது இதம் தரும். தசைக்குப் பலம் வேண்டுமென்றால் அந்தத் தசைதான் வேலை செய்தாக வேண்டும்.

யார் சொல்லிக்கொடுப்பது?

வீட்டாரே கற்றுக்கொண்டு செய்துவிட முடியாதா? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ‘அட்டெண்ட்’ என்ற அந்த ஆய்வு 2017-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. குடும்பத்தில் ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுத்து அனுப்பிய பிரிவுக்கும், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த பிரிவுக்கும் ஆறு மாதம் கழித்து வித்தியாசமே இல்லை. இரண்டிலும் 47 சதவிகிதத்தினர் இறந்திருந்தார்கள் அல்லது பிறரைச் சார்ந்தே இருந்தார்கள். வீட்டில் உள்ளவர்களின் உழைப்பைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. சமைத்து, குளிப்பாட்டி, சம்பாதித்து, ராத்திரி கண்விழிக்கிற ஒருவர் தலையில் பிசியோதெரபிஸ்டின் வேலையையும் ஏற்றினால் அது நடக்காது என்பதுதான் எனக்குப் புரிகிறது. போன வாரம் முடியாததை இந்த வாரம் செய்ய வைக்க, எப்போது கூட்டுவது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்த ஒருவர் தேவை.

தமிழ்நாட்டில் அதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கு வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. இது தெரியாமலேயே பயிற்சியை நிறுத்திவிட்ட குடும்பங்கள் நிறைய. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அதேநேரம், ஒரு வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்ற அளவில் இது நீடித்தால், வான்கூவரில் செய்ததுபோல் வாரம் மூன்று நாள் யாருக்கும் கிடைக்காது. கிராமத்து சமுதாயக் கூடத்தில் எட்டுப் பத்து நோயாளிகளை ஒன்றாகக் கூட்டிப் பயிற்சி தரலாம். வான்கூவர் பயிற்சியும் குழுவாகச் செய்ததுதான். அதற்கு வேண்டியவை கைப்பிடி நாற்காலிகள், ஒரு சுவர், ஒரு படி, கண்காணிக்க ஒரு பிசியோதெரபிஸ்ட், கூட இரண்டு தன்னார்வலர்கள். அரசு இதைச் செய்ய வேண்டும்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாக: கால்மிதியையும் தரைவிரிப்பையும் எடுத்துவிடுங்கள். பாத்ரூம் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். டாய்லெட் பக்கத்தில் சுவரில் இரும்புக் கைப்பிடி, அதுவும் நல்ல கை இருக்கும் பக்கத்தில். ஹவாய் செருப்புக்குப் பதில் பின்பட்டை உள்ள செருப்பு. கைலியும் புடவையும் கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும். படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கட்டும். ரத்த அழுத்தம் சட்டென இறங்கி விழுகிறவர்கள் உண்டு. தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவரிடம் அதைப் பேசுங்கள். அவர் நடந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டுப் பேச்சுக் கொடுக்காதீர்கள். 1997-ல் ஸ்வீடனில் முதியோர் இல்லம் ஒன்றில் கவனித்தார்கள்: பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடுகிற முதியவர்கள் 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்தில் விழுந்திருந்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படுகிறவர்கள் அவர்கள்.

விழுந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலர் விழுவார்கள். அதனால் தரையிலிருந்து எழுவதையும் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் ஒரு பயிற்சியாகவே பழக வேண்டும். நல்ல பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, ஒருக்களித்து உட்கார்ந்து, முழங்காலிட்டு, முன்னால் வைத்த உறுதியான முக்காலியில் நல்ல கையை ஊன்றி, நல்ல பாதத்தைத் தரையில் பதித்து எழ வேண்டும். எழத் தெரிந்தவருக்கு நடக்கும் பயம் குறைகிறது. பயம் உள்ளவர் நடையைக் குறைக்கிறார். நடை குறையக் குறைய மறுபடி விழுகிறார்.

விழுந்தவரைப் பதறி உடனே தூக்காதீர்கள். உணர்ச்சி குறைந்த பக்கத்தில் முறிந்தால் வலிகூடச் சரியாகத் தெரியாது. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், எண் 108. கட்டுப் போட்டு வீட்டில் படுக்க வைக்கிற முறிவு இது இல்லை. பெரும்பாலும் ஓரிரு நாளில் அறுவை சிகிச்சை செய்து, மறுநாளே எழுப்பி நிற்க வைப்பார்கள்.

தலையில் அடிபட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பக்கவாதம் வந்த பலர் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின்போல ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள். வெளியில் காயமே தெரியாவிட்டாலும் மண்டைக்குள் ரத்தக் கசிவு மெதுவாகத் தொடங்கலாம். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதிய சீட்டைக் கையோடு எடுத்துப் போய், டியூட்டி டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.